மருதப்பனின் பால்குடம்

இரவு பதினொன்று ஐம்பது. புக்கிட் பாத்தோக்கில் குன்றை ஒட்டி வளைந்து போகும் சாலை... ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத்துக் கம்பிவேலி. பேருந்து அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அதன் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்ததும் சாலையில் அவள் மட்டும்தான்.

அவள் என்றால் அனுப்ரியா. நம் வருணுக்குப் பெரியம்மா மகள். வருண் இன்று வராததும் நல்லதுதான், இருந்திருந்தால் இதைச் சொல்ல விட்டிருக்க மாட்டான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த அடுப்பை யாரும் கிளறாதீர்கள், கரி தானாக அணையட்டும்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. தூங்குமூஞ்சி மரங்களிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஈர இலை வாசனை... மண் வாசனை... நடுவில் இன்னொன்று. பால். காய்ச்சாத பால். அதோடு திருநீறு.

தைப்பூசத்துக்கு முந்தின இரவு அது. யாரோ வீட்டிலிருந்து கிளம்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலில் முதல் பால்குடங்கள் புறப்பட்டிருக்கும், உங்களுக்கே தெரியும். ஆனால் சிராங்கூன் சாலை எங்கே, புக்கிட் பாத்தோக் எங்கே?

பின்னால் சத்தம். பச்... பச்... ஈரத் தாரில் வெறுங்கால் ஒட்டி எழும் சத்தம். இடையிடையே சொட்... சொட்... அவள் நின்றாள். காலடியும் நின்றது. சொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

திரும்பிப் பார்க்கும் துணிச்சல் அவளுக்கு இல்லை. ஏன் இல்லை என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதி விளங்கும்.

அனுப்ரியா ஒரு பெரிய மருத்துவமனையில் ஆராய்ச்சித் தாதி. புற்றுநோய்ப் பிரிவு. புது மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் குழு. டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வார், தமிழ்ப் பெரியவர்களுக்கு இவள் தமிழில் எடுத்துச் சொல்வாள், அவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போடுவார்கள். அந்த மாதிரிச் சோதனைகளுக்கு நம் ஆட்கள் லேசில் வருவதில்லை. தமிழ் பேசும் பெரியவர்களைச் சேர்த்துக் கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. டாக்டருக்கு அவள் வலது கை.

நம் வீட்டுப் பழக்கம்தான் தெரியுமே. ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் ஊருக்கே தெரியும். நோயாளிக்கு மட்டும் தெரியாது. மகனோ மகளோ முதலிலேயே தாதியை ஓரமாக அழைத்துப் போய், அப்பாவிடம் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள், மனது உடைந்துவிடும் என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். மற்றத் தாதிகள் என்றால் அது முடியாது என்று சொல்லிவிடுவார்கள். அனுப்ரியா சரி என்பாள். வீக்கம் என்பாள், புண் என்பாள், புது மருந்து என்பாள். பக்குவமாகச் சொல்வாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமாம், ஒரே ஒரு பொய் சொல்லி ஒருவரை நிம்மதியாக வைத்திருந்தால் என்ன என்பது அவள் கணக்கு. அந்த நிம்மதியில் சோதனைக்கும் ஆள் சேர்ந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

அப்படி வந்தவர்தான் மருதப்பன். துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கைகுலுக்கினால் வலிக்கும். மகன் கதிரேசன் வழக்கம்போல ஓரமாக அழைத்தான், அவள் வழக்கம்போல தலையாட்டினாள். ஈரலில் வீக்கம் என்றாள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட மருதப்பன் கேட்கவில்லை.

"நம்ம புள்ள சொல்லுது. அப்புறம் என்ன?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஒவ்வொரு முறை வரும்போதும் கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார். வேறு ஒன்றும் இல்லையே? இல்லை என்பாள். சிரித்துக்கொண்டே எழுந்து போவார்.

அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. பேத்தி இனியா குறைமாதத்தில் பிறந்து, உள்ளங்கை அளவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது முருகனுக்கு வேண்டிக்கொண்டது. இவள் எழுந்து நடந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று. இப்போது பேத்தி நடக்கிறாள், ஓடுகிறாள். தைப்பூசம் நெருங்கியது. எடுக்கட்டுமா என்று அனுப்ரியாவைத்தான் கேட்டார், மகனைக் கேட்கவில்லை.

எடுக்க முடியுமா? விரதம், கூட்டம், வெயில், வெறுங்கால் நடை... அந்த மருந்து உடம்பில் ஓடும்போது சின்னக் காய்ச்சல்கூட ஆபத்து. ஒரு தவணை தவறினால் அவரைச் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவருக்கு மிச்சம் இருந்ததே சில மாதங்கள் என்பது அவளுக்குத் தெரியும். டாக்டர் அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். கதிரேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாய் கூசாமல் சொன்னாள்.

"இந்த வருஷம் வேணாம்ப்பா. அடுத்த வருஷம் எடுங்க. நானே கூட வந்து நடக்கறேன்."

அவர் நம்பினார். அந்த வருடத் தைப்பூசத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார்.

பங்குனிக்குள் முடிந்துவிட்டது. கடைசி நாள் வார்டில் கட்டிலைச் சுற்றி உறவுக்காரர்கள் முழுக்க நின்றார்கள், எல்லை தாண்டி ஜொகூரிலிருந்துகூட வந்திருந்தார்கள். மருதப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இத்தனை பேர் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போது புரிந்துவிட்டது. பார்வை வாசலில் நின்ற அனுப்ரியாவிடம் வந்து நின்றது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யார் பக்கமும் திரும்பவில்லை.

மண்டாயில் எரியூட்டி முடிந்ததும் கதிரேசன் அவளுக்கு நன்றி சொன்னான். அப்பா கடைசி வரை நிம்மதியாக இருந்தாராம். அவளும் தலையாட்டினாள். அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கியதில்லை, ஆனாலும் வேலையில் ஒன்றும் மாறவில்லை. ஓரமாக அழைத்தவர்களுக்கெல்லாம் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தச் சாலைக்கு வாருங்கள்.

சொட்... சொட்... பால் வாசனை கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது. மூச்சு எதுவும் இல்லை. குரல் மட்டும் வந்தது. நிதானமான, பழகிய குரல்.

"அடுத்த வருஷம் வந்துடுச்சாம்மா?"

ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது, விட்டுவிட்டு ஓடினாள். அவள் வீடு இருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பூனையைத் தவிர யாரும் இல்லை. லிஃப்ட் கதவு திறந்தது, உள்ளே பாய்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். கதவு மூடும்போது வெளியே தரையைப் பார்த்தாள். காய்ந்த சிமெண்ட். ஒரு சொட்டுகூட இல்லை. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள்.

அவள் மாடியில் கதவு திறந்தது.

நடைவழி முழுக்கப் பால் வாசனை.

அவள் வீட்டு இரும்புக்கதவுக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். மஞ்சள் வேட்டி, வெற்று மார்பு, நெற்றி நிறையத் திருநீறு. தலையில் மஞ்சள் துணி கட்டிய குடம். இரண்டு கையாலும் பிடித்திருந்தார். புறங்கையில் மருந்து ஏற்றிய ஊசியின் பிளாஸ்திரி இன்னும் ஒட்டியிருந்தது. குடத்திலிருந்து வழிந்த பால் அந்தப் பிளாஸ்திரிக்கு அடியில் புகுந்து முழங்கையில் இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. கோபம் இல்லை முகத்தில். கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பதிலுக்குக் காத்திருக்கிற முகம். கிளினிக்கில் எழுந்து போவதற்கு முன் வைத்துக்கொள்வாரே, அதே முகம்.

வீட்டில் யாரும் இல்லை. கணவன் சுரேந்தருக்குத் துவாஸில் இரவு வேலை. கத்தினால் பக்கத்து வீடு திறக்கும்தான்... அவள் கத்தவில்லை. இனிமேல் பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.

"புற்றுநோய்ப்பா உங்களுக்கு. முதல் நாளே தெரியும். அடுத்த வருஷம் இருக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன்."

சொல்லிவிட்டாள். முதல் முறையாக. சொட்டுவது நின்றது.

மருதப்பன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ நம்ம புள்ளன்னுதானேம்மா உன்னைக் கேட்டேன்."

அவ்வளவுதான். அவளைக் கடந்து படிக்கட்டுப் பக்கம் நடந்தார். பச்... பச்... ஒவ்வொரு படியாக இறங்கி, காலடி கீழே போய்த் தேய்ந்தது. அனுப்ரியா இரும்புக்கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது. சொல்லிவிட்டோம், இத்தோடு முடிந்தது என்று நினைத்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அவர் நின்ற இடத்தில் ஒரு வயதான அம்மா நின்றிருந்தார். மூக்கில் பிராணவாயுக் குழாய், அதன் மறுமுனை எங்கும் பொருத்தாமல் தரையில் கிடந்தது. ஈசூனிலிருந்து கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்து இறந்துபோன தங்கம் ஆன்ட்டி. கட்டி எல்லாம் இல்லை, வெறும் சளிதான் என்று அவரிடம் சொன்னது அனுப்ரியாதான். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். மருந்தகத்தின் முன்னால் நிற்பார்களே, அப்படி... வரிசை நடைவழி நெடுக நீண்டு லிஃப்ட் வரை போனது. ஒருவரும் முண்டியடிக்கவில்லை. எல்லோரும் வெறுங்காலோடு நின்றார்கள். ஒவ்வொரு முகமும் அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொருவருக்கும் என்ன சொன்னோம் என்பதும் தெரிந்தது.

வரிசையின் கடைசியில் நின்றவர் மட்டும் செருப்புப் போட்டிருந்தார். கட்டம் போட்ட சாரோங், வெள்ளைத் தொப்பி. ஒலி முகம்மது.

ஃபேரர் பார்க்கில் வீடு, பக்கத்திலேயே துணிக்கடை. அன்று மத்தியானம்தான் கிளினிக்குக்கு வந்திருந்தார். மற்றவர்களைப் போல அவர் சுற்றி வளைக்கவில்லை. இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது, மறைக்காமல் சொல்லுங்கள் மிஸ்ஸி என்று நேராகவே கேட்டார், தாதிகளை அவர் கூப்பிடுவது அப்படித்தான். பக்கத்தில் மகன் அஹ்சன் கண்ணைக் காட்டினான். நூறு வயது இருப்பீர்கள் என்று சொல்லி அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

ஆனால் அவர் உயிரோடு இருப்பவர். விடிந்தால் காலையில் ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டியவர். இந்த வரிசையில் அவருக்கு என்ன வேலை?

அவரிடமாவது இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று துடித்தாள். மற்றவர்களை விலக்கிக்கொண்டு போனாள். தொட்ட இடமெல்லாம் ஜில்லென்று இருந்தது. அவர் முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. தொண்டை நரம்பு புடைக்க முயன்றாள்... காற்றுகூட வரவில்லை. நடைவழி விளக்கு ஒரு முறை இமைத்தது. பிறகு அங்கே யாரும் இல்லை.

விடியும்வரை அவள் உட்கார்ந்தே இருந்தாள். முதல் ரயிலில் மருத்துவமனைக்குப் போனாள். இன்று டாக்டர் திட்டட்டும், மகன் சண்டைக்கு வரட்டும், வேலையே போகட்டும், அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். கிளினிக் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றாள்.

அஹ்சன் மட்டும் வந்தான். கையில் மீதி மருந்து டப்பா. சோதனை மருந்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் அல்லவா, அதற்கு வந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன. வாப்பா இரவு பன்னிரண்டரைக்குத் தவறிவிட்டார் என்றான். அனுப்ரியா டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

அவன் போகவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு வாப்பாதான் சொன்னாங்க, வெளில மிஸ்ஸி நிக்குது, கதவைத் தொறன்னு. தொறந்தேன். நீங்க எங்க வீட்டு வாசல்ல நின்னீங்க. உங்க வாய் அசைஞ்சுச்சு. வாப்பா கஷ்டப்பட்டு எந்திரிச்சு உக்காந்துட்டாங்க, கேக்கறதுக்கு. ஏன் சிஸ்டர் ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டீங்க?"