மலையடித் தெருவில் டாக்ஸி நின்றது பற்றி வச்சலா சொன்னது

செங்கற்பட்டு மாவட்டம், செங்கற்பட்டு வட்டம், மாமல்லபுரம். 17.9.1973 திங்கட்கிழமை முற்பகல் காவல் நிலையத்தில் விசாரித்தபோது கீழ்க்கண்டவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது.

பெயர் வச்சலா. வயது 29. கணவர் பெயர் கங்காதரன். தொழில், கடற்கரையில் சிப்பி, சங்கு மாலை விற்பது. இருப்பிடம் மாமல்லபுரம் மீனவர் குப்பம்.

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. என் கணவர், மதுராந்தகத்தில் இருக்கும் சுப்புராமன் என்பவருக்குச் சொந்தமான டாக்ஸியை இங்கே வைத்துக்கொண்டு, கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு ஓட்டி வருகிறார். சென்ற பொங்கல் வரையில் அந்த டாக்ஸியை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மரத்தடியில் நிறுத்துவது வழக்கம். பொங்கலுக்குப் பிறகு அங்கே நிறுத்துவதை விட்டுவிட்டு, மலையடித் தெருவில் மேட்டின் மேல் நிறுத்த ஆரம்பித்தார். அந்தத் தெரு குறுகலானது, கடைத்தெருவை நோக்கி நல்ல இறக்கமாகப் போகும். டாக்ஸி நின்றால் மாட்டு வண்டி போக இடம் இருக்காது. கூடை தூக்கிப் போகிற பெண்கள் சாக்கடை ஓரமாக ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும்.

அந்தத் தெருவின் கீழ்க்கோடியில் டீக்கடை வைத்திருக்கும் நீலமேகம் என்பவர்தான் இதை முதலில் என்னிடம் சொன்னார். "உம் புருசன் வண்டியத் தெருவுக்குக் குறுக்கால வுட்டுட்டு வந்துடறான். நான் கேட்டா, தெரு இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தான்னு கேக்கறான். நீயாச்சும் சொல்லும்மா" என்றார். நான் சரி என்று கிளம்பினேன். அப்போது அவர், "தெனமும் டீச்சர் வூட்டாண்டதான் நிக்குது" என்றும் சொன்னார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதற்கு முன்னால் சொன்னது எல்லாம் மறந்துபோய் அது மட்டும் நின்றுவிட்டது.

டீச்சர் என்பது வசுமதி. இங்குள்ள பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறார். கல்யாணம் ஆகாதவர். தன் தாயாருடன் அந்த வீட்டில் குடியிருக்கிறார். எனக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை இருந்ததில்லை. பார்த்திருக்கிறேன். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு நிதானமாக நடப்பார், ஓட மாட்டார்.

அன்று இரவு சாப்பிடும்போது என் கணவரிடம், வண்டியை ஏன் அங்கே நிறுத்துகிறாய் என்று கேட்டேன். "குப்பத்து மணல்ல டயர் பூந்துக்கும்" என்றார். பழைய இடத்தில் மணல் இல்லையே என்று கேட்டதற்கு, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அதன் பிறகு நான் அவரிடம் கேட்கவில்லை. கடற்கரையிலிருந்து வீட்டுக்கு வரும்போது நேர் வழியை விட்டுவிட்டு மலையடித் தெரு வழியாக வர ஆரம்பித்தேன். டாக்ஸி நின்றால் யாரும் பார்க்காத நேரமாக பானட்டின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் இப்போதுதான் வந்திருக்கிறார் என்றும், ஆறியிருந்தால் வெகு நேரமாக உள்ளே இருக்கிறார் என்றும் நினைத்துக்கொள்வேன். இரண்டில் எது இருந்தாலும் எனக்கு வயிறு எரியும். வீட்டில் டீச்சர் குரலோ அவர் தாயார் குரலோ கேட்கிறதா என்று கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போவேன். என் கணவர் குரல் ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் அவர் மெதுவாகப் பேசுகிறார் என்று முடிவு செய்தேன்.

ஒருநாள் சாயங்காலம், நான் தெருமுனையில் இருந்தபோது, என் கணவர் டாக்ஸியின் முன் சக்கரத்துக்கு அடியில் இருந்த கருங்கல்லைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, உள்ளே ஏறி உட்கார்ந்தார். வண்டி சத்தமே இல்லாமல் இறக்கத்தில் உருண்டு போய்ப் பாதித் தெரு தாண்டிய பிறகுதான் என்ஜின் சத்தம் கேட்டது. தெருவில் யாருக்கும் தெரியாமல் போய்விட வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார் என்று நான் நினைத்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் நன்றாகத் தூங்கினார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில், கடற்கரைக்குப் போகாமல் மாலைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக மலையடித் தெருவுக்குப் போனேன். டாக்ஸி டீச்சர் வீட்டுக் கதவை மறித்துக்கொண்டு முகம் கீழே பார்க்க நின்றது. பானட் சூடாக இருந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தட்டினேன். டீச்சர் வந்து திறந்தார். கையில் அரைத்த மாவு ஒட்டியிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தேன். என் கணவர் செருப்பு இல்லை.

"எம் புருசன் உள்ள கீறாரா?" என்று கேட்டேன்.

"அவர் இங்க எதுக்கு இருக்கப் போறார்? நீங்க டிரைவர் வீட்டம்மாவா? நல்ல வேளை வந்தீங்க" என்று சொல்லி, டீச்சர் வெளியே வந்தார். வந்தவர் என்னிடம் சண்டை போடவில்லை, முறையிட்டார். அவர் தாயாருக்கு உடம்பு சரியில்லாத அன்று வாசலில் இந்த வண்டி நின்றதால் மாட்டு வண்டி கிட்டே வர முடியாமல், தாயாரைக் கைத்தாங்கலாகத் தெருமுனை வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனதாகச் சொன்னார். எத்தனையோ முறை சொல்லியும் என் கணவர் கேட்கவில்லை என்றார். "செல்ஃப் மோட்டார் வேலை செய்யலையாம். மேட்டிலேர்ந்து உருட்டி விட்டாத்தான் கிளம்புமாம். இந்த ஊர்ல வேற மேடு இல்லைங்கிறார். ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காதாம். முதலாளிக்குத் தெரிஞ்சா வண்டிய வாங்கி வேற ஆள் கிட்ட குடுத்துடுவாராம்" என்றார்.

இதைக் கேட்டபோது எனக்கு மனது ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. என் கணவர் என்னிடம் சொல்லாத விஷயத்தை இவரிடம் சொல்லியிருக்கிறாரே என்றுதான் முதலில் தோன்றியது.

அதன் பிறகு டீச்சர் முன் சக்கரத்தைக் காட்டி, "தினமும் வைக்கிற கல்லு காலைல அவர் உதைச்சப்போ சாக்கடைல விழுந்துடுச்சு. சவாரி போயிட்டு வந்து நிறுத்தினப்போ எடுத்து வைங்கன்னு சொன்னேன். தென்னை மட்டை போதும்னு அதை வச்சிட்டுப் போயிட்டார்" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். அடியில் காய்ந்த மட்டை இருந்தது, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நான் அதைத் தொடவில்லை, டீச்சரும் தொடவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மட்டை நொறுங்குகிற சத்தம் கேட்டது. வண்டி நகர்ந்தது.

நான் ஓடிப்போய்க் கதவுக் கண்ணாடி இறங்கியிருந்த இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். நிற்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு போயிற்று. கீழே கடைத்தெருவில் ஆதியம்மாள் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பெரியம்மா முறை. முதுகை இந்தப் பக்கம் காட்டி யாருக்கோ மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். "பெரிம்மா, எந்திரி, எந்திரி" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார், எழுந்திருக்க நேரமில்லை. வண்டி கூடையை நசுக்கி, அவர் வலது காலின் மேல் ஏறி, நீலமேகத்தின் கடைப் பந்தல்காலில் மோதி நின்றது. நான் அதற்கு முன்பே உள்ளங்கை அறுபட்டு, பிடியை விட்டுக் கீழே விழுந்துவிட்டேன். பெரியம்மா அலறவில்லை. மீனை எடுங்கள், மீனை எடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு சவாரி பிடிக்க பஸ் நிலையத்தில் நின்றிருந்த என் கணவர் ஓடி வந்தார். முதலில் வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தார். அதன் பிறகுதான் பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு என் அருகில் குனிந்து, என்னைத் தூக்கிவிடுகிறவர் போல என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீதான் கல்ல எடுத்தன்னு சொல்லிடு. பொம்பளைய ஒண்ணியும் பண்ண மாட்டாங்க. லைசென்ஸ் பூட்ச்சினா ரெண்டு பேரும் நடுத்தெருவுலதான்" என்று காதோடு சொன்னார். கல்பாக்கத்துக்குப் போன வேன் ஒன்றை நீலமேகம் மறித்து, பெரியம்மாவைச் செங்கற்பட்டு பெரிய ஆசுபத்திரிக்கு ஏற்றி அனுப்பினார். நானும் கூடப் போனேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்திருப்பதாக டாக்டர் சொன்னார்.

இன்று காலையில் என்னை நிலையத்துக்கு அழைத்து, என் கணவர் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். தனக்கும் டீச்சருக்கும் தொடர்பு இருப்பதாகவும், அந்தப் பொறாமையில் நான் கல்லை எடுத்து வண்டியை உருட்டிவிட்டதாகவும், என் உள்ளங்கைக் காயம் கல்லைப் புரட்டியதால் வந்தது என்றும் அதில் சொல்லியிருக்கிறார். நான் கல்லைத் தொடவில்லை. அது சாக்கடையில்தான் கிடக்கிறது, நீங்கள் போய்ப் பார்க்கலாம். என் கையில் இருப்பது வண்டிக் கதவின் தகரம் அறுத்த காயம். டீச்சர் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தார். அவரைக் கேட்டால் சொல்வார்.

பொறாமை இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. என் கணவர் அந்தத் தொடர்பைத் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும், அதை நான் காதால் கேட்க வேண்டும் என்று பொங்கலிலிருந்து தவித்தேன். சாப்பாடு போடும்போதும், பாயை விரிக்கும்போதும் அதுதான் நினைப்பு. இன்று அவர் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

டீச்சர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் கூப்பிடாமல் தானாகவே சாட்சி சொல்ல வந்திருக்கிறார். அவர் பெயரை என் கணவர் எப்படி எழுத வைத்திருக்கிறார் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. அவர் கல்யாணம் ஆகாதவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர். அந்த வரியை அடித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எழுதியதை அடிக்க முடியாது என்று சொன்னீர்கள். அப்படியானால் அது பொய் என்று அவர் மனைவி சொன்னதாகவும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போதும் டீச்சர்மேல் பொறாமை இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. அவர் ஒரு தடவை சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். நான் கல்லைத் தொடவில்லை என்பதற்கு அவர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இதில் எழுதியிருப்பதை ஏட்டு படிக்க நான் முழுவதும் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை, அனைத்தும் நிஜம். வலது கையில் கட்டு இருப்பதால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.

(இ.பெ.ரே.) வச்சலா