பாட்டரி ரோடு திருப்பத்துச் சத்தம்

ஃபியட் காருக்கு சைலன்சர் மாற்ற மெக்கானிக்கிடம் போக வேண்டியதில்லை, கிருஷ்ணப்பா சார். ஒரு ஜாக்கி, நாலு செங்கல், கிழிந்த கோணிப்பை, துருப்பிடித்த நட்டுகளுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய். இவ்வளவு இருந்தால் வீட்டு வாசலிலேயே படுத்துக்கொண்டு முடித்துவிடலாம். எனக்கு எழுபது வயதாகிறது. நானே முடித்தேன்.

காபி ஆறுகிறது, குடியுங்கள். ருக்கு ஏன் உங்கள் டைப்பிங் வகுப்புக்கு வருவதில்லை என்று கேட்க வந்திருக்கிறீர்கள். அவள் வீட்டுக் கதவைத் தட்டாமல் பக்கத்து வீட்டுக்காரனைத் தேடி வந்தது நல்ல யோசனை. பதில் சொல்கிறேன். ஆனால் அந்த சைலன்சரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவள் புருஷன் ஆம்ப்ரோஸை உங்களுக்குத் தெரியாது. அவன் காரைத் தெரியும். ரிச்சர்ட்ஸ் டவுனில் அதைத் தெரியாதவர் யார்? மருந்துக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிற வேலை அவனுக்கு. காலையில் போனால் எந்த நேரத்தில் திரும்புவான் என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டரி ரோடு திருப்பத்தில் வண்டி வரும்போதே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். சைலன்சரில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. கோல்ஸ் பார்க்கில் தூங்குகிற நாய்கள் எழுந்து வேறு பேட்டைக்குக் குடிபோனதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தச் சத்தம் உங்கள் வகுப்பு நடக்கிற மாடியிலும் கேட்கும். பத்து மிஷின் ஒன்றாக அடித்தாலும் அதற்கு மேலே கேட்கும். நீங்களே ஒரு நாள் சொன்னீர்களே: "என்ன மதலைமுத்து அவரே, அந்த ஹுடுகி, அந்தப் பொண்ணு, பேப்பரை மிஷின்லயே விட்டுட்டு ஓடிப் போகுது. பாதி லெட்டர்ல ஓடுது. பேய் கீய் பிடிச்சிருக்கா?" பேய் இல்லை. உங்கள் பின்படியில் இறங்கி, பின்சந்தைத் தாண்டினால் அவள் சமையலறைக் கதவு. ஆம்ப்ரோஸ் திருப்பத்தில் கியர் மாற்றி, கேட் முன்னால் நிறுத்தி, இறங்கித் திறந்து, வண்டியை உள்ளே விடுவதற்குள் அவள் அடுப்பருகில் நிற்பாள்.

அவளை அவன் வெளியே விடுவதில்லை. ஸ்ரீராம்புரத்திலிருந்து காதலித்துக் கூட்டிவந்த பெண். அவள் அப்பா வாசலுக்கு வந்தால்கூட கேட்டிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவான். கையும் நீளும். மறுநாள் அவள் துணி உலர்த்தும்போது முந்தானையைக் கழுத்துவரை இழுத்துச் செருகியிருப்பாள். நான் எதையும் கேட்பதில்லை. அடுத்த வீட்டு விஷயம்.

என் பெண்டாட்டி போன பிறகு எனக்கு ருக்குதான் பேச்சுத் துணை. மதியம் மூன்று மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு மதில் ஓரத்துக்கு வருவாள். அங்கே என் பட்டர் ஃப்ரூட் மரம் நிற்கிறது. பன்னிரண்டு மாதமும் நிழல், ஒரு பொட்டு வெயில் விழாது. அல்சூர் ஏரியில் ஒரு மலைப்பாம்பு வெள்ளைக்கார சோல்ஜரின் சைக்கிளை விழுங்கிய கதையை அங்கேதான் சொன்னேன். சைக்கிள் செரித்துவிட்டது, பெல் மட்டும் செரிக்கவில்லை. பாம்பு நெளியும்போதெல்லாம் வயிற்றுக்குள் கிணிங் கிணிங் என்று அடிக்கும். ருக்கு மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ தாத்தா, அப்புறம் அது எப்படித்தான் சாப்டும்? பெல் சத்தம் கேட்டா எலியெல்லாம் ஓடிடுமே."

"ஓடித்தான் போச்சு. பாம்பு பட்டினி."

"நல்லா வேணும் அதுக்கு," என்றாள்.

அப்படிக் கேட்கிறவள் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? சர்ச் வாசலில் நான் வாயைத் திறந்தால் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும்.

பிறகு ஒரு நாள் மதில் மேல் குனிந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தாத்தா, டைப்பிங் சேந்துட்டேன். மதியத்துல. பரீட்ச பாஸ் பண்ணா ஓசூர்ல ஒரு கம்பெனில வேல குடுக்கறாங்களாம், ஹாஸ்டலும் இருக்குதாம். போய்டுவேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

நான் சொல்லவில்லை. அதை நீங்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆம்ப்ரோஸிடம் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டான். இந்தத் தெருவில் என் வாயை யாரும் நம்புவதில்லை. எனவே நான் கையை மட்டும்தான் பயன்படுத்தினேன்.

மூன்று மணிக்கு மதில் காலியாகக் கிடந்தது. நான் மட்டும் வந்து நிற்பேன். பின்சந்தில் அவள் செருப்புச் சத்தம் போகும். "பாம்புக் கதை இன்னொரு நாள் தாத்தா" என்று ஓட்டமாகச் சொல்லிவிட்டுப் போவாள். உங்கள் மாடியிலிருந்து தட்டச்சுச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். அதில் எது அவளுடையது என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். முதலில் தட்டுத்தடுமாறி விழும். போகப் போக வேகமெடுத்தது. ஒரு மனிதன் எத்தனை நாள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியும்?

சிவாஜிநகர் குஜரிக் கடைகளில் பழைய பாகங்களைக் கிளறி நல்ல சைலன்சர் ஒன்று கண்டுபிடித்தேன். ஆம்ப்ரோஸிடம் போய், வரவர போலீஸ் சத்தத்துக்கும் புகைக்கும் வண்டியை நிறுத்துகிறது, நானே மாற்றித் தருகிறேன் என்றேன். அவன் தயங்கினான். "சத்தம் இருந்தா இருக்கட்டும் அங்கிள், ஆம்ப்ரோஸ் வர்றான்னு தெரு தெரிஞ்சுக்கட்டும்." இனாம் என்றதும் சாவியை எடுத்துக் கொடுத்தான்.

சனிக்கிழமை காலை கோணியை விரித்து வண்டிக்கடியில் படுத்தேன். நட்டுகள் துருவில் ஒன்றாகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். ஒன்று அப்படியும் அசையவில்லை, ரம்பத்தால் அறுத்தேன். துரு கண்ணில் கொட்டியது. பழைய பைப்பைக் கழற்றி, இணைப்பில் புது கேஸ்கட் வைத்து முறுக்கினேன். தொங்கவிடும் ரப்பர் கிடைக்கவில்லை, சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டினேன். சோப்புத் தண்ணீர் தடவி இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். இணைப்பில் ஒரு குமிழ்கூட வரவில்லை. நல்ல வேலை சார். வேண்டுமானால் இப்போதுகூட போய்க் குனிந்து பாருங்கள்.

வேலை நடுவில் ருக்கு டீ கொண்டுவந்தாள். வண்டிக்கடியிலிருந்து அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. டம்ளரைத் தரையில் வைத்தாள். பாதங்கள் போகவில்லை.

"சத்தம் இருக்கட்டுமே தாத்தா," என்றாள். மிக மெதுவாக.

"சத்தம் உடம்புக்கு ஆகாதும்மா," என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு உள்ளே போயின. டீயில் சர்க்கரை சரியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் கார் வந்தது. நான் மதில் ஓரம் நின்றிருந்தும், கேட் திறந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அத்தனை சுத்தமான வேலை. ஆம்ப்ரோஸ் உள்ளே போனான். கூப்பிட்டுப் பார்த்தான். சமையலறைக் கதவைச் சாத்தி, உட்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். மாடியில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அன்று அவள் பாதியில் ஓடிவரவில்லை, முழுக் கடிதத்தையும் அடித்து முடித்திருப்பாள். நீங்கள்கூட பாராட்டியிருப்பீர்கள். சந்தில் அவள் நடந்துவந்தபோது நான் ஒரு தடவை இருமியிருக்கலாம். தொண்டையில் ஒன்றும் இல்லாதபோது எதற்கு இருமுவது?

கார் சத்தம் இல்லாததால் மற்றதெல்லாம் தெளிவாகக் கேட்டது.

இடது காது போய்விட்டது என்றார்கள். மொட்டைமாடிப் படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னோம். சொன்னவன் நான்தான். மழை தூறியது, காய்ந்த துணியை எடுக்க ஓடினாள், ஈரப்படியில் கால் வழுக்கியது, கையில் இருந்த பக்கெட் முதலில் உருண்டது என்று விஸ்தாரமாகச் சொன்னேன். டாக்டர் நம்பினார். நர்ஸ் "ச்சு" கொட்டினாள். என் வாழ்நாளில் எல்லோரும் நம்பிய ஒரே கதை அதுதான்.

அவன் சரியாக வகுப்பு நேரத்துக்கு எப்படி வந்தான் என்று கேட்கப் போகிறீர்கள். தற்செயல் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். நீங்கள் படித்தவர், மறைப்பானேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது அவனோடு ஒரு பந்தயம் கட்டினேன். "செவ்வாய்க்கிழமை மூணரை மணிக்கு வந்து பாரு, நீ வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கிறவரைக்கும் ருக்குவுக்குத் தெரியாது, அப்பேர்ப்பட்ட சைலன்சர்" என்றேன். வெறும் விளையாட்டு. அவனும் சிரித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று ஒரு ரம் பாட்டிலை மதில் மேல் வைத்து, "நீங்க ஜெயிச்சிட்டீங்க அங்கிள்" என்றான். பந்தயம் பந்தயம்தானே, எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னான். "நான் இல்லாதப்ப அவ உங்க கண்ணு முன்னாடியே இருக்கட்டும், கொஞ்சம் பாத்துக்கங்க." எனவே இனி அவள் வரமாட்டாள். அவள் பெயரை அடித்துவிடுங்கள். தினமும் மூன்று மணிக்கு மதில் ஓரம் ஸ்டூல் போட்டு உட்காருகிறாள். நேரம் தவறுவதில்லை. பாம்புக் கதையை முடித்தேன். நல்ல மனசுக்காரன் ஒருத்தன் பாம்பின் வாய்க்குள் கைவிட்டு பெல்லை எடுத்துவிட்டான், பாம்பு அதன் பிறகு வயிறாரச் சாப்பிட்டது என்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை. முன்னே மாதிரி குறுக்கே பேசுவதில்லை, பொறுமை வந்திருக்கிறது.

அதோ, இந்த ஜன்னலிலிருந்தே தெரிகிறாள், பாருங்கள். எப்போதும் இடது பக்கத்தை என் பக்கம் திருப்பித்தான் உட்காருவாள். இந்தப் பக்கம் பார்த்தால் கண்ணில் வெயில் அடிக்கிறது போலிருக்கிறது.