பச்சைக் கட்டம்

— ஏத்தா, அஞ்சுக்குள்ள ஒரு நம்பரச் சொல்லுன்னா எப்பிடிச் சொல்ல? கேள்விய இன்னொருக்காப் படி.

— "நிறுவனத்தின் சமூகப் பொறுப்புச் செயல்பாட்டால் தங்கள் வாழ்வாதாரம் எந்த அளவு மேம்பட்டுள்ளது?" ஒண்ணுன்னா ரொம்ப மோசம். அஞ்சுன்னா ரொம்பத் திருப்தி. அவ்வளவுதான் தங்கத்தாயக்கா.

— மேம்பட்டதா? இந்தா, நாம நிக்கிற எம் புஞ்சையில மண்டிக் கெடக்கு பாரு சீமக்கருவேலம், நாலு ஏக்கருக்கு. அது நல்லா மேம்பட்டிருக்கு. அதுக்கு வேணா அஞ்சு போட்டுக்க.

— வெளையாடாதீங்கக்கா. இது என் எம்.பி.ஏ. புராஜெக்ட்டு. 'பன்னாட்டு வணிகத்தில் சமூகப் பொறுப்பு'ன்னு தலைப்பு. இதுக்காக அருப்புக்கோட்டையில இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கேன்.

— பன்னாட்டு வணிகம்னா?

— நாடு விட்டு நாடு யாவாரம் பண்றது.

— ஒங்க அத்தா துபாய்ல இருக்காகன்னு சொன்னியே ஷர்மிளா, அது மாதிரியா?

— அது கூலி வேலைக்கா. பாடத்துல வராது.

— அதான பாத்தேன். சரி, எனக்கு மரக்கன்னு குடுத்த இந்தப் பனி பெய்யுற ஊருக் கம்பெனி என்னதான் யாவாரம் பண்ணுது?

— ஏரோப்பிளேன்ல சரக்கு ஏத்தி எறக்குறாங்க. அந்தப் புகைக்கு ஈடா இங்க மரம் வளக்குறாங்க.

— அவுக வளக்குறாகளா! அவுக புகை விடுவாக, நா மரம் வளக்கணும். நா ஒரு கரிமூட்டம் போட்டா மட்டும் ஒலகம் கெட்டுப்போகும். நல்லா இருக்கு தாயி ஒங்க பொறுப்பு.

— எங்க புத்தகத்துல ரெண்டு பக்கம் இருக்குக்கா. திருச்சுழிப் பக்கம் வறண்ட பூமியில அறுநூறு வேம்பு, புங்கைன்னு. எங்க சாரு எதுக்கெடுத்தாலும் இதத்தான் சொல்வாரு.

— அறுநூறும் வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. வேம்ப என் வெள்ளாடு தின்னுச்சு. புங்கைய வெயிலு தின்னுச்சு. குழியில தேங்குன தண்ணிக்குக் கருவேலம் தானா மொளச்சிருச்சு. மறு வருசம் வந்தவுக, 'பச்சையா இருக்கே, சூப்பரு'ன்னு என்னயப் பக்கத்துல நிக்க வச்சு போட்டா எடுத்துட்டுப் போயிட்டாக.

— இது கருவேலம்னு நீங்க சொல்லலையா?

— சொன்னேனே. 'எதா இருந்தா என்னக்கா, மேல ஆகாசத்துல இருந்து பாத்தாப் பச்சதான தெரியும்'னுட்டாக.

— சரி, அடுத்த கேள்வி. "வேறு பயன்கள் ஏதேனும்?"

— ஒரு பனியனும் தொப்பியும் குடுத்தாக. பனியன எம் புருசன் போட்டுக்கிட்டாரு. தொப்பிய ஆடு தின்னுருச்சு.

— அல்லாவே, இத எப்பிடிக்கா எழுதுவேன்? நல்லா எழுதிக் குடுத்தா மூணு மாசம் அவங்க சென்னை ஆபீஸ்லயே பயிற்சிக்குச் சேத்துக்குறேன்னு சொல்லிருக்காங்க.

— அப்ப நீயும் பனியன் வாங்கத்தான் வந்திருக்க.

— அப்பிடிச் சொல்லாதீங்கக்கா... அங்க என்ன ஒரே மெஷின் சத்தம்? காது அடைக்குது.

— கண்மாய்க்குள்ள நிக்கிற கருவேலத்தப் பஞ்சாயத்துல ஏலம் விட்டாக. நம்ம உக்கிரபாண்டி எடுத்துருக்கான். ஒரு வாரமா மரத்த அறுத்து லோடு லோடா ஏத்துறான், கரிக்கு. அதுவும் இதே மரந்தான். கண்மாய்ல நின்னா வெட்டலாம். எம் புஞ்சையில நின்னா தொடக் கூடாது.

— ஏன் தொடக் கூடாது?

— கையெழுத்துப் போட்டுருக்கேன்ல. எலவசமா மரக்கன்னு தாராகன்னு போட்டுட்டேன். அதுக்குப் பெறகுதான் சொன்னாக, முப்பது வருசத்துக்கு வெட்டக் கூடாது, உழுகக் கூடாதுன்னு. ஆறு வருசம் ஓடிருச்சு. இன்னும் இருவத்தி நாலு கெடக்கு. கொத்தமல்லி வெளஞ்ச புஞ்சை தாயி இது. ஐப்பசி மழைக்கு ஊரே வெதைக்க, நா முள்ளுக்குக் காவ இருக்கேன். 'நீயும் ஒங் கம்பெனியும்'னு எம் புருசன் திருப்பூருக்குப் போயிட்டாரு. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. நீ படிச்ச பிள்ள. எழுது, தங்கத்தாய்க்கு அவ நெலம் வேணும்னு.

— அதுக்குக் கட்டம் இல்லக்கா. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்குந்தான்.

— பெறகு என்னத்துக்கு எங்கிட்ட வந்து கேக்க?

— கோவிக்காதீங்க. கடைசியில 'இதர கருத்து'ன்னு ஒரு கோடு இருக்கு. அதுல எழுதுறேன். அந்தப் பத்திரத்தக் குடுங்க.

— இந்தா. இந்தப் பையிலயேதான் வச்சிருக்கேன். பூராவும் இங்கிலீசு.

— சர்வே நம்பரே இல்லையேக்கா. "நிலத்தின் எல்லை, இணையதளத்தில் உள்ள வரைபடத்தின்படி"ன்னு போட்டிருக்கு. எல்லைய யாரு அளந்தா?

— கம்பெனியில இருந்து ஒரு தம்பி வந்தாரு. நல்ல சித்திர வெயிலு. போனக் கையில பிடிச்சுக்கிட்டு புஞ்சையச் சுத்தி நடக்கணும், அது தானாக் கோடு போட்டுக்கிரும்னாரு. மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு, பாவம். வீடு தேடி வந்த மனுசன வெயில்ல வாட விடுவனா? கண்மாய்க் கரையில உக்கார வச்சு ஒரு சொம்பு மோரக் குடுத்தேன். 'எதுக்குத் தம்பி வெயில்ல அலையுற? கண்மாய்க்குள்ள மரத்து நெழலோட ஆட்டுத் தடம் போகுது, அதுலயே ஒரு சுத்துச் சுத்திட்டு வா'ன்னேன். அதே மாதிரி சுத்திட்டு வந்தாரு. வந்து ரெண்டாஞ் சொம்பும் குடிச்சாரு.

— கண்மாய்க்குள்ளயா?

— எங்கன நடந்தா என்ன? நடக்கணும்னுதான சொன்னாரு.

— ஒரு நிமிசம்க்கா. கம்பெனிப் படத்தத் தெறக்குறேன். நெட்டு சுத்துது... ஆங், வந்துருச்சு. இந்த நீலப் புள்ளி நாம. இந்தப் பச்சைக் கட்டம்தான் அவங்க காடு. அக்கா... நாம கட்டத்துக்கு வெளிய நிக்கிறோம்.

— கட்டம் எங்கன இருக்கு?

— அந்தா மெஷின் சத்தம் வருதுல்ல, அங்க.

— ஏத்தா, நல்லாப் பாரு.

— மூணு தடவ பாத்துட்டேன்க்கா. உக்கிரபாண்டி லாரியில ஏத்துறாருல்ல, அதுதான் எங்க புத்தகத்துல இருக்குற காடு.

— எம் புஞ்சை?

— அதுல ஒரு ஓரங்கூட இல்ல. இந்தப் பத்திரம் ஒங்க நெலத்தக் கட்டுப்படுத்தவே இல்ல. மொத வருசமே வெட்டிட்டு மல்லி வெதச்சிருக்கலாம். ஒருத்தரும் கேட்டுருக்க முடியாது. என் புராஜெக்ட்டுந்தான் போச்சு... சரி, சொல்லுங்கக்கா, மேம்பாட்டுக்கு என்ன நம்பர் போட?

— நம்பரு கெடக்கட்டும் தாயி. அப்ப ஆறு வருசமா எந் நெலத்த எங்கிட்ட இருந்து காவ காத்தது நாந்தானா?