சந்தனம் வைத்த கார்

சித்தூரிலிருந்து எருத்தேன்பதி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“எங்கூட்டுக் காருக்குக் கண்ணு தெரியாமப் போச்சுங்க்கா.”

மடியில் முருங்கைக்காய்க் கட்டு வைத்திருந்த மூத்தவர் நிதானமாகத் திரும்பினார். “புதுக் காருதானே?”

“புதுசுதானுங்க. பக்கத்துல வண்டி வந்தா அதுவே பார்த்து டிங் டிங்னு சத்தம் போடுமுங்க. சுத்தியும் கேமராவுங்க. அதெல்லாம் காரோட கண்ணுன்னு ஷோரூம்ல சொன்னாங்க. பூசை போடறப்ப ஒரு கண்ணையும் உடாம சந்தனப் பொட்டு வெச்சுட்டனுங்க.”

“தொடச்சு உட வேண்டியதுதானே?”

“சாமிப் பொட்டைத் தொடக் கூடாதுன்னுட்டாரு எங்கூட்டுக்காரரு. கண்ணாடியும் பார்க்க மாட்டாருங்க. போன வாரம் ஒரு டெம்போ மேல இடிக்கப் போயிட்டாரு.”

“நீ சொல்லியிருக்கலாமே?”

“வண்டி வருது, வருதுன்னு கத்துனனுங்க. வாயை மூடுன்னாரு. பொறவு பின்சீட்டுல உக்காந்து காரு மாதிரியே டிங் டிங்னு சொல்லிப் பார்த்தனுங்க. சட்டுனு பிரேக் போட்டுட்டாரு. இப்ப எங்க போனாலும் அப்படித்தான்.”

“அவருக்குத் தெரியலையா?”

“சாமி காருக்குக் கண்ணைத் திருப்பிக் குடுத்துருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாருங்க.”

“இதென்ன கூத்து. அவரு இல்லாதப்ப ஈரத்துணியில தொடச்சு உட்டுரு.”

“தொடைக்கறதா? கல்யாணம் ஆனதுல இருந்து இப்பத்தானுங்க்கா நான் சொல்றதைக் கேக்கறாரு. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை நாந்தானுங்க புதுசாப் பொட்டு வெச்சுட்டிருக்கறேன்.”