சிவப்பு நூலைக் கத்தரித்தது யார்?

மேடையில் அமர்ந்திருக்கும் ஆயர் அவர்களே, திருப்பதியிலிருந்து வந்திருக்கும் பழம்பொருள் சேகரிப்போர் சங்கச் செயலாளர் கோபிகிருஷ்ணன் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் இருக்கும் ஜெயசீலி அம்மையாரே, மகள் ஷோபா அவர்களே, டாக்டர் சாந்தகுமாரிடம் பல் காட்டிய சித்தூர்ப் பெருமக்களே! வணக்கம்.

துக்கத்தோடுதான் இந்த மண்டபத்துக்கு வந்தேன். காலையில் வந்தவன் இங்கே பார்த்ததைப் பார்த்த பிறகு கோபம் வந்துவிட்டது. பத்திரிகைக்காரன் நான், கண்டதைச் சொல்லாமல் இறங்க எனக்குத் தெரியாது.

எனக்குப் பின்னால் ஃப்ளெக்ஸில் சிரிப்பவர் யார்? சாந்தகுமார் என்று போட்டிருக்கிறது. சாந்தகுமாரின் முன்பல் ஓரத்தில் உடைந்திருக்குமே! அவருடைய நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்தவர்கள் எல்லோரும் அதைத்தானே பார்த்துக்கொண்டு கிடந்தோம்? அந்தப் பல்லை யார் சரிசெய்தார்கள்? நாற்பது ஆண்டுகளாக ஊருக்கே பல் கட்டியவர், வேண்டாம் என்று விட்டுவைத்த பல் அது!

சரி, படம் போகட்டும். இந்த மேசையைப் பாருங்கள். அவர் சேர்த்த பழைய புகைக்குழாய்கள். அவர் ஒருநாளும் புகைத்ததில்லை. புகைக்கிற வாயைத் திட்டுவார். யாரோ என்றோ புகைத்த பைப்பைக் குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைப்பார். அதிலும் அவர் கண் முதலில் போவது, பல்லில் கடித்துப் பிடிக்கும் அந்தக் கறுப்பு வாய்முனைக்குத்தான். பல் டாக்டர் வேறு எதைப் பார்ப்பார்?

அசல் வாய்முனை கெட்டி ரப்பர். வெயில் பட்டுப் பட்டுப் பச்சை பாய்ந்திருக்கும். கட்டைவிரலால் தேய்த்தால் கந்தக வாசனை வரும். கடித்தவரின் பல் தடம் இருக்கும். மாற்று முனை பளபளவென்று இருக்கும், தடம் இருக்காது. மாற்று முனையை அவர் வெறுத்தாரா? இல்லை! முனை உடைந்த பைப்புகளுக்கு அவரே கடைந்து பொருத்தினார். பொருத்திய அன்றே அதன் கழுத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவார். நூல் இருந்தால் முனை பிற்பாடு வந்தது. நூல் இல்லையென்றால் அசல். அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

நகரியில் தறி ஓட்டும் முனிரத்தினம் இங்கே இருக்கிறார். அசல் என்று நம்பித் திருப்பதியில் ஒரு பைப்பு வாங்கி வந்தார். டாக்டர் முனையைக் கழற்றிப் பார்த்தார், மறுபடி பொருத்தினார், நூலை எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“இன்னா சார், பைப்புக்கு திருஷ்டி கயிறா? நீங்க சர்ச்சுக்குப் போறவராச்சே!”

“முனை புதுசுப்பா. நூல் இல்லாம வெளிய போகக் கூடாது.”

“இத்தக் கட்டிக்கினு போனா எவன் சார் வாங்குவான்?”

“ஏம்ப்பா, உனக்குக் கட்டினனே, அந்தக் கடவாப்பல்லு யாருது?”

“என்னுதுதான். துட்டு குடுத்தேன் இல்ல?”

“துட்டு உன்னுது. பல்லு நான் வெச்சது. நல்லாத்தானே துன்றே? அதை சொந்தப் பல்லுன்னு உன் சம்பந்திகிட்ட சொல்லுவியா?”

“அவன்தான் சார் உங்களாண்ட இட்டாந்ததே!”

டாக்டர் சிரித்த சிரிப்பில் அந்த உடைந்த பல் முழுதாகத் தெரிந்தது. முனிரத்தினம் நூலோடுதான் ஊருக்குப் போனார்.

இன்று இந்த மேசையில் ஒரு நூலாவது இருக்கிறதா? ஒன்றுகூட இல்லை! நாகலாபுரத்தில் ஒரு வீட்டிலிருந்து முனையே இல்லாமல் வந்த அந்தப் பெரிய வளைந்த பைப்பைப் பாருங்கள். முனை அவர் கடைந்தது. கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லுவார். அதன் கழுத்தும் வெறுமையாக இருக்கிறது. அதன் படத்தைப் போட்டுத்தான் சங்கம் நோட்டீஸ் அடித்திருக்கிறது: ‘டாக்டர் சாந்தகுமாரின் அசல் பைப்புகள், அடுத்த மாதம் திருப்பதியில் விற்பனைக்கு.’

காலையில் செயலாளரைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “நூலு அழுக்கா இருந்திச்சிண்ணா. போட்டோல நல்லா வரல, கத்திரிச்சிட்டேன். ஒரு நூலுக்குப் போயி இன்னாண்ணா இவ்ளோ கோவம்?”

ஒரு நூலா? கோபிகிருஷ்ணன் அவர்களே, வாங்குகிறவன் உங்களை நம்பியா வாங்கப்போகிறான்? சாந்தகுமார் நூல் கட்டவில்லை, அப்படியானால் அசல்தான் என்று நம்பி வாங்குவான். நாளைக்கு ஒருவன் முனையைத் தேய்த்துப் பார்ப்பான்; வாசனை வராது. அவன் யாரைப் பொய்யன் என்பான்? கத்தரி பிடித்த உங்களையா? பதில் சொல்ல எழுந்து வரமுடியாதவரை! உயிரோடு இருந்தவரை அவர் சொல்லாத பொய்யை, அவர் இறந்த பிறகு அவர் பெயரிலேயே சொல்வதற்குப் பெயர் அஞ்சலியா?

ஜெயசீலி அம்மா அழுதுகொண்டே என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “பைப்பு போனாப் போவுது தம்பி. அவரு பேரு?”

அந்தப் பேருக்காகத்தான் இந்த உறுதிமொழி. கூட்ட முடிவில் எல்லோரும் எடுத்துக்கொள்ள நான் எழுதி வந்த உறுதிமொழியை வாசிக்கப்போவதில்லை; நூலைக் கட்டித்தான் எடுக்கப்போகிறோம். அப்பாவின் நூல்கண்டை எடுத்து வரச் சொல்லியிருந்தேன். ஷோபா, பையில் இருக்கிறதா அம்மா? இருக்கிறது என்கிறார். அப்பாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு முனையையும் பார்த்தவர் அவர். எது மாற்று என்று அவருக்குத் தெரியும். அவர் எடுத்துக் கொடுப்பார், நாம் கட்டுவோம். கட்டி முடிக்காமல் இந்தப் பைப்புகள் இந்த மண்டபத்தின் வாசலைத் தாண்டக் கூடாது. ஆயர் ஐயா முதல் நூலைக் கட்டட்டும். கத்தரித்த கையும் ஒன்று கட்டட்டும், கோபிகிருஷ்ணன் அவர்களே!

ஒரு நூல் மட்டும் எனக்கு மிச்சம் வையுங்கள். இந்த ஃப்ளெக்ஸின் மூலை ஓட்டையில் நான் கட்ட வேண்டும். இதிலும் ஒரு பல் மாற்றுப் பல்.