திரைக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை முடிந்து இரண்டாம் நாள், தாம்பரத்தில் ஏறிய மின்சார ரயிலில் எனக்கு எதிரே இருவர். ஒருவர் காக்கிச்சட்டை பஸ் டிரைவர். மற்றவர் விமானப் பயிற்சிப் பள்ளியில் மெக்கானிக் என்பது பேச்சில் தெரிந்தது.

"நம்ம ப்ளேன் உள்ள, பக்கத்துல வேற ப்ளேன் வந்தா காட்டுற ஸ்கிரீன்ணா! அதும்மேலயே இம்மாம்பெரிய சந்தனம் குங்குமம் வெச்சிருக்காங்க."

"நாங்க பஸ் கண்ணாடில ஓரமாத்தான் வெப்போம்" என்றார் டிரைவர்.

"அதான! காலைல எதிர்ல வந்த ப்ளேன் பொட்டுக்குள்ள மறைஞ்சிடுச்சு. நம்ம ப்ளேன ஓட்டுன ட்ரெய்னிங் பொண்ணு வெளிய பாத்துத் திருப்புனதால தப்பிச்சுது."

"தொடைச்சிட்டியா இல்லியா?"

"துணி எடுத்துகினு போனேன். மேனேஜர் கையப் புடிச்சு நிறுத்திட்டாரு. அந்தப் பொட்டுதான் பொண்ணக் காப்பாத்துச்சாம்ணா!"