வானத்திலிருந்து வருவதைக் காட்டும் பெட்டி

"ஹலோ... ஹலோ, ரீச்சரோ?... நான் பூரணியின்ர அப்பா. ஓம், ஓம், கனகசுந்தரம். ரீச்சர், நான் ஹாபர் கேற்றில நிக்கிறன். வெளியால விடுகினமில்லை... இல்லை, அடிக்கேல்லை. இருக்கக் கதிரையும் தந்திருக்கினம்."

கதிரையில் அவர் இருக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் படை அதிகாரி இருக்கும்போது தானும் இருந்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று சுவரோடு ஒட்டி நின்றார்.

"பிள்ளை செய்த பெட்டி பத்திரமாய் இருக்கு. மண்மூட்டைக்குப் பின்னால வைச்சிருக்கினம், கிட்டப் போக ஒருத்தருக்கும் விருப்பமில்லை... காலமை கொண்டு போகேக்க வெறும் கண்ணாடித் தொட்டிதானே, ஒண்டும் கேக்கேல்லை. ஹாபருக்குள்ள நான் வேலை செய்யிற இறால் கொம்பனியிலதானே அந்தப் புகையிற ஐஸ் கிடக்கு. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில கண்காட்சி, பெட்டி வேலை செய்யுதோ எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ அப்பா எண்டவள் பூரணி. கீழ ஐஸை வைச்சு அப்பிடியே தூக்கிக்கொண்டு வந்தனான். கேற்றடியில பாத்தா ஒரே புகை... ஓம் ரீச்சர், என்ர புத்திதான்."

"குண்டெண்டு நினைச்சிருந்தாலும் பரவாயில்லை. என்ன இது எண்டு கேட்டவை. வானத்தில இருந்து வாறதைக் காட்டுற பெட்டி எண்டு சொல்லிப்போட்டன்... சிரிக்காதேங்கோ. பிளேன் போனாப்பிறகு வெள்ளைக் கோடு நிக்கிறமாதிரி எண்டு நீங்கள்தானே பிள்ளைக்குச் சொன்னனீங்கள்... அதையும் சொன்னனான். ராடர் எண்டு நினைச்சிட்டினம் போல. இப்ப கேக்கினம், எந்தப் பிளேன், எவ்வளவு தூரத்தில வரேக்க காட்டும், ஆருக்குக் கொண்டுபோறாய் எண்டு."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவருடைய வாயையே பார்த்தார்.

"ஓம், சொல்லுங்கோ, நான் திருப்பிச் சொல்லுறன். இவருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும்... மேல ஸ்பிரிற் நனைச்ச துணி... ஆவி கீழ இறங்கி, குளிரில முகிலாகிறதுக்குக் காத்துக்கொண்டு நிக்குது... கண்ணுக்குத் தெரியாத துணிக்கை ஒண்டு அதுக்குள்ளால ஓடினா, போன வழியெல்லாம் துளி கட்டுது... நாங்கள் வழியைத்தான் பாக்கிறம், போனதை இல்லை... ஆகாசத்துக்கு அங்கால இருந்தோ? எந்த நேரமுமோ?... ஒருத்தரும் அதுவரைக்கும் காணாத துணிக்கையளை இப்பிடிப் பெட்டியிலதான் பிடிச்சவை... நோபல் பரிசோ. பரிசுக் கதையை விடுவம் ரீச்சர், இவர் எனக்கு என்ன தரப்போறாரோ தெரியாது."

"நீங்கள் ஒருக்கால் சிங்களத்தில கதைச்சால்... ஓம், பேர் கேப்பார்தான். எழுதுவார்... ரீச்சர்?... ரீச்சர்?"

அன்புவழிபுரச் சுற்றிவளைப்பில் படையினர் கொண்டுபோன ரீச்சரின் தம்பி இன்னும் வீடு திரும்பவில்லை. அது கனகசுந்தரத்துக்கு இப்போதுதான் நெஞ்சில் தட்டியது.

"வேண்டாம். விடுங்கோ... இல்லை ரீச்சர், நீங்கள் கதைக்கவேண்டாம். ஐஸ் கரையமுந்தி நானே காட்டுறன். மாத்தயா, ஐயா, வந்து பாருங்கோ. ஒருக்கால், மாத்தயா."

சிப்பாய்கள் ஆளையாள் பார்த்தார்கள். கடைசியில் அதிகாரி தானே போய்ப் பெட்டியைத் தூக்கிவந்து ஜன்னலடியில் வைத்தார்.

"ரோர்ச் லைற்றைப் பக்கத்தால அடிக்கிறார்... ஓம், கறுப்புத் துணி அடியிலதான்... ஒண்டுமில்லை, பனிப்புகார்தான்... இன்னும் இல்லை... பொறுங்கோ, கதைக்காதேங்கோ. கண்டிட்டார். தலைமயிர்மாதிரி ஒரு கோடு. அங்கால இன்னொண்டு... எதுக்குள்ளால வந்ததெண்டு கேக்கிறார். கூரைக்குள்ளாலதான் மாத்தயா. உங்களுக்குள்ளாலயும் போகுது, எனக்குள்ளாலயும் போகுது... ரீச்சர், மனுசன் தன்ர சேட்டுத் துணியைத் தடவிப் பாக்கிறார்."

அதிகாரி நிமிர்ந்து சிப்பாய் ஒருவனிடம் ஏதோ சொன்னார். அவன் ஓடினான்.

"நம்பிட்டார். ஓம், பிளேன் இல்லையெண்டு நம்பிட்டார்... இல்லை, விடேல்லை. நல்ல சாமானாம், தனக்கு மேல உள்ள பெரியவரும் பாக்கவேணுமாம். அதுவரைக்கும் பெட்டியும் நானும் இஞ்சதான்... நாளைக்குத்தான் வருவாராம்... ஐஸோ? உள்ளங்கையளவு கிடக்கு... அது முடிஞ்சா ஒரு கோடும் வராதோ?... அப்ப பெரியவருக்கு நான் எதைக் காட்டுறது?... ஓம்... ஓம். ரீச்சர், பூரணியை இந்தப் பக்கம் அனுப்பிப்போடாதேங்கோ. அப்பாவுக்கு ஓவர்ரைம் எண்டு சொல்லு—"

அதிகாரியின் விரல் வந்து தொலைபேசியை அழுத்தித் துண்டித்தது.